தாசில்தார் மாமாவின் மூக்குக்கண்ணாடி

தென்காசிப் பக்கம் மேலகரத்தில் எங்கள் தெருவில் கிணற்றடிச் சண்டை மூண்டால் முதலில் எனக்குத்தான் ஆள் வரும். யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆள் அனுப்பியவர்களுக்காகப் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்று அறிவித்தால், நான் பெயர் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்ததும் மற்றப் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்வார்கள். தெருவில் எனக்கு இருந்த பட்டம் வாயாடி. அதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அப்படிப்பட்டவள், அறுபதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பில் சேர்ந்து, முதல் ஆறு மாதம் வகுப்பில் சொன்ன மொத்த வார்த்தைகள் இரண்டு. ஒன்று ‘பிரசன்ட்’. இன்னொன்று ‘மிஸ்’.

காரணம் இங்கிலீஷ்தான். பள்ளிக்கூடம் முழுவதும் எங்களுக்குத் தமிழில். இங்கிலீஷ் என்பது நோட்டில் எழுதுகிற ஒரு பாடம், அவ்வளவுதான். பசுவைப் பற்றி இரண்டு பக்கம் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் யாராவது எதிரில் நின்று இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கான்வென்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் தும்மினால்கூட இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். நான் தும்மலையே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்றால் முடியாது. அந்தக் கல்லூரியில் ‘ஓரல்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. பிப்ரவரி மாதம் ஒவ்வொரு பி.யூ.சி. மாணவியும் இரண்டு ஆசிரியைகளுக்கு முன்னால் நின்று, தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். பிறகு கேள்வி கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இது கல்லூரி தானாக வைத்துக்கொண்ட சட்டம். அதில் தேறாவிட்டால், பல்கலைக்கழகப் பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கினாலும் அந்தக் கல்லூரியில் டிகிரி வகுப்பில் இடம் கிடையாது. என் அப்பா பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் பியூன். இந்தக் கல்லூரியில் மட்டும்தான் எனக்கு உபகாரச் சம்பளமும் ஹாஸ்டலும் கிடைத்திருந்தன. ஓரலில் தோற்றால் என் படிப்பு அதோடு சரி.

என் தோழிக்கும் அதே கதிதான். அவள் தென்காசியில் நெசவாளர் தெருப் பிள்ளை. அவர்கள் ஜமாத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். சொந்தக்காரர்கள் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அவளுடைய வாப்பா மட்டும், “ஒரு வருசம் போயிட்டு வரட்டும், அதுக்கு மேல படிப்பு ஓடுதான்னு பாப்போம்” என்று அனுப்பி வைத்திருந்தார். எழுத்தில் வகுப்பிலேயே முதல் அவள்தான். வாயைத் திறந்தால் விக்கல் வந்துவிடும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜ விக்கல். இங்கிலீஷில் பேச வேண்டும் என்று நினைத்தாலே ‘ஹிக்’ என்று ஆரம்பித்து, தண்ணீர் குடித்தாலும் நிற்காது. தமிழில் பேசும்போது ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் இருவரையும் போலச் செங்கோட்டை, தென்காசி, பாவூர்ச்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வந்துவிட்டுத் திங்கள்கிழமை காலை வண்டியில் ஒன்றாகத் திரும்புவோம். அந்த வண்டியில் பெண்கள் பெட்டிக்கு வருகிற எல்லாருக்கும் எங்களைத் தெரியும். எங்கள் சத்தத்துக்குப் பயந்து அடுத்த பெட்டிக்குப் போனவர்களும் உண்டு.

ஜனவரியில், ஓரலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நான் ஒரு சட்டம் போட்டேன். தென்காசியில் ஏறினால் அம்பாசமுத்திரம் வரைக்கும் இங்கிலீஷ் மட்டும்தான். தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் எழுந்து நின்றுகொள்ள வேண்டும், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் இடம் கிடையாது. எல்லாரும் கைதட்டி ஒப்புக்கொண்டார்கள். கைதட்டியதோடு பேச்சும் நின்றுபோனது.

வண்டி கிளம்பியது. ஒருத்தி மூச்சுவிடவில்லை. ஜன்னல் வழியாகப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாவூர்ச்சத்திரம் வந்தது, போனது. யாரோ ஒருத்தி தொண்டையைச் செருமினாள், எல்லாரும் ஆவலாகத் திரும்பினோம், அவள் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். கீழக்கடையத்தில் பனங்கிழங்குக் கூடையோடு வழக்கமாக ஏறும் அம்மா ஏறினார். எங்களைப் பார்த்தார். கூடையை மெதுவாக இறக்கிவைத்தார். தலையில் இருந்த சும்மாட்டையும் எடுத்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“ஏ பிள்ளேளா, யாரும் தவறிட்டாவளா?”

எல்லாரும் தலையை ஆட்டினோம், இல்லை என்று. அவர் நம்பவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். “மனச விட்டிராத தாயி” என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து, குலுங்கியதை அவர் அழுகை என்று நினைத்துவிட்டார். தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார். என் தோழிதான் தாங்கமாட்டாமல், “ஆச்சி, யாரும் சாகல, நாங்க இங்கிலீஷ் பேசுதோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றுகொண்டாள். அத்தனை பேரும் தமிழில் சிரித்தோம். ஆழ்வார்குறிச்சி வரும்போது பெட்டியில் உட்கார்ந்திருந்தது பனங்கிழங்கு ஆச்சி மட்டும்தான்.

சட்டம் ஒரே பயணத்தில் செத்துப்போனது. பிறகுதான் அந்த நோட்டு வந்தது.

டிகிரி வகுப்பில் படித்த செங்கோட்டைப் பெண் ஒருத்தி, எங்கள் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, “இதுக்காட்டி இப்படிச் சாவுதிய?” என்று தன் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஓரலுக்கான ஒரு பேச்சு முழுசாக எழுதியிருந்தது. எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ரயில் பாதையில் வருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் அதைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, ஒப்பித்துத் தேறியிருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்ததில், ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பேச்சு இருந்தது. திருச்செந்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரை, அதில் ஓர் அத்தையின் மோதிரம் அலையில் போய்விடும். எங்கள் பாதைக்குக் குற்றாலம்.

அந்தப் பேச்சு இப்படிப் போகும். சென்ற கோடையில் நான் என் மாமாவோடு குற்றாலத்துக்குப் போனேன். என் மாமா ஒரு தாசில்தார். நாங்கள் ஜீப்பில் போனோம். அருவி வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் விழுந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு குரங்கு வந்து மாமாவின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மாமா மிகவும் கோபமடைந்தார். ஒரு நல்ல மனிதர் வாழைப்பழம் ஒன்றை எறிந்தார். குரங்கு பழத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கீழே போட்டது. ஐயோ, கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்துவிட்டது! நாங்கள் கனத்த இதயத்தோடு வீடு திரும்பினோம்.

எனக்கு உடனே பிடித்துப்போனது. ஜீப், தாசில்தார், உருக்கிய வெள்ளி என்று எல்லாமே பிரமாதமாக இருந்தன. என் தோழிதான் நோட்டைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“சென்ற கோடையிலேன்னு போட்டிருக்கு. கோடையில அருவில ஏதுட்டி தண்ணி? பாறையில்லா காஞ்சு கெடக்கும்.”

“அது மிஸ்ஸுக்குத் தெரியுமாக்கும்?”

“எனக்குத் தாசில்தார் மாமா கெடையாதே.”

“எனக்கு மட்டும் இருக்காவளா? மனப்பாடம் பண்ணுட்டின்னா, மாமாவத் தேடிட்டு நிக்கா!”

அவளுக்கு வேறு ஒரு எண்ணம் இருந்தது. அவர்கள் வீட்டு ஆடு, அடுத்த வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து, நிக்காஹ் நடக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் மாலையில் பாதியைத் தின்றுவிட்ட கதையைச் சொல்லலாமா என்று கேட்டாள். அந்தக் கதையை அவள் தமிழில் சொன்னால் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். நான் விடவில்லை. “ஆட்டப் பத்திப் பேசினா மார்க்குப் போடுவாவளா? ஓரல்னா ஒரு மரியாதை வேண்டாமா?” என்று அதட்டி, அவள் கையில் நோட்டைத் திணித்தேன். பாவம், அவள் என் பேச்சைக் கேட்டாள். மற்றப் பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே பேச்சைப் பேசப் போகிறோமே என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் நடப்பதுதானே என்ற தைரியம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்குக் குற்றாலத்தில் நிஜமாகவே ஒரு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. அவர் தாசில்தார் இல்லை. சீசன் காலத்தில் பெரிய அருவிக்குப் பக்கத்துப் பாறையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறவர். எண்ணெய்க் கிண்ணமும் இடுப்பில் ஒரு பழைய துண்டுமாக நிற்பார். வருகிறவரைக் கல்லில் உட்காரவைத்து, உச்சியில் ஒரு கை எண்ணெயை வைத்து, சடசடவென்று தட்டினால் அந்தச் சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். “தாசில்தார் முதுகும் தலையாரி முதுகும் ஒரே அளவு எண்ணெதான் குடிக்கும்” என்று சிரிப்பார். சிறு வயதில் எனக்கு அவரைவிடப் பெரிய மனிதர் உலகத்தில் கிடையாது. கல்லூரிக்குப் போன பிறகு, மாமா என்ன செய்கிறார் என்று ஹாஸ்டலில் யாராவது கேட்டால், குற்றாலத்தில் வியாபாரம் என்று சொல்லிவைத்தேன்.

ஓரலுக்கு முந்தின வாரம் ஊருக்கு வந்திருந்தபோது, அம்மா ஏதோ கொடுத்துவிடச் சொன்னாள் என்று குற்றாலத்துக்கு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு நோட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாமா கையைக் கழுவிவிட்டு வந்து, காதுகொடுத்துக் கேட்டார்.

“அங்கிள் அங்கிள்னு வருதே. அங்கிள்னா மாமாதானே?”

சீசனுக்கு வரும் பெரிய மனிதர்களின் பிள்ளைகளிடமிருந்து அவருக்கு இப்படிப் பத்துப் பதினைந்து இங்கிலீஷ் வார்த்தை தெரியும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஆமா மாமா.”

“என்னப் பத்தியா படிக்கே?”

அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஆமா மாமா” என்றேன் மறுபடியும். அவர் உள்ளே போய், அத்தையிடம், “ஏட்டி, காலேசில என்னப் பத்திப் பேசுதாளாம்” என்று சொல்வது கேட்டது. திரும்பிப் போகும்போது எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். மேலகரம் வரைக்கும் நடந்தே வந்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு. பழத்தில் ஒன்றைக்கூட நான் தின்னவில்லை.

ஓரல் நாள் வந்தது. ஒரு வகுப்பறைக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பேசி முடித்தவர்கள் அடுத்த பக்கத்துக் கதவு வழியாக வெளியேறிவிட வேண்டும், காத்திருப்பவர்களைப் பார்க்கக் கூடாது. எனவே உள்ளே என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் ரயில் பிள்ளைகளில் ஐந்து பேர் போய்விட்டார்கள். அடுத்தது நான். எனக்குப் பின்னால் என் தோழி. அவளுக்கு விக்கல் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது: மை அங்கிள் இஸ் எ தாசில்தார், ஹிக், மை அங்கிள் இஸ் எ தாசில்தார், ஹிக்.

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் இரண்டு மிஸ்கள். ஒருவர் மார்க்கு எழுதுகிறவர், குனிந்த தலை நிமிரமாட்டார். இன்னொருவர்தான் இங்கிலீஷ் பிரிவின் தலைமை மிஸ், ஓரல் கேட்க அந்த வருஷம்தான் முதல் தடவையாக வந்து உட்கார்ந்திருந்தார். உயரமாக, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், தடித்த மூக்குக்கண்ணாடியோடு இருப்பார். கல்லூரி முழுக்க அவருக்குப் பயப்படும். ஆரம்பி என்று இங்கிலீஷில் சொன்னார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். சென்ற கோடையில் நான் என் மாமாவோடு குற்றாலத்துக்குப் போனேன். என் மாமா ஒரு...

“தாசில்தார்” என்றார் மிஸ்.

நான் நிறுத்தினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவான இங்கிலீஷில் தொடர்ந்தார். ஜீப்பில் போனீர்கள். அருவி உருக்கிய வெள்ளி. குரங்கு வந்தது. நீங்கள் கனத்த இதயத்தோடு வீடு திரும்பினீர்கள். இன்று காலையிலிருந்து உன் மாமா ஐந்து தடவை கண்ணாடியைப் பறிகொடுத்துவிட்டார், உன்னோடு ஆறு. பாவம், அந்த மனிதருக்கு எத்தனை மருமகள்கள்? இதுவரைக்கும் எத்தனை கண்ணாடி வாங்கியிருப்பார்?

எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த அறையில் இருந்த மின்விசிறி, சுவரில் இருந்த வரைபடம், எல்லாம் சேர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. டிகிரி போயிற்று, ஹாஸ்டல் போயிற்று என்று நினைத்தேன். அப்பா மணி அடிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய பயம், அடுத்து என் தோழி வரப்போகிறாள், அதே தாசில்தாரைக் கூட்டிக்கொண்டு. ஆட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றவளை அதட்டி இந்த மாமாவைக் கட்டி வைத்தது நான்தான்.

நிஜமாகவே உனக்குத் தாசில்தார் மாமா உண்டா என்று மிஸ் கேட்டார்.

“நோ மிஸ்” என்றேன். எட்டாவது மாதத்தில் என்னுடைய முதல் சொந்த இங்கிலீஷ் அது.

வேறு மாமா?

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. மிஸ்மேல் இல்லை, என்மேல். வாசலில் நின்று, என்னைப் பற்றியா படிக்கிறாய் என்று கேட்ட அந்த முகம் கண் முன்னால் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும், ஊரறிந்த விஷயம்.

“எஸ் மிஸ். மை அங்கிள், ஆயில் அங்கிள்” என்றேன்.

மிஸ் புருவத்தை உயர்த்தினார். நான் கையை உயர்த்தி, காற்றில் ஓர் உச்சந்தலையை வைத்து, சடசடவென்று தட்டிக் காட்டினேன். தாசில்தார் ஸிட், மை அங்கிள் ஸ்டாண்ட், தாசில்தார் ஹெட், மை அங்கிள் ஆயில். குனிந்தே எழுதிக்கொண்டிருந்த மிஸ் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

பிறகு நான் நிறுத்தவில்லை. மாமா எங்களுக்கு நூறு தடவை சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு தடவை நிஜமான தாசில்தார் ஒருவர் சீசனுக்கு வந்தார். வேட்டி சட்டையைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு, கோவணத்தோடு மாமாவிடம் எண்ணெய்க்கு உட்கார்ந்தார். குரங்கு கண்ணாடியைத் தொடவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. வாழைப்பழம் எறிந்தார்கள். குரங்கு ஒரு கையில் பழம், ஒரு கையில் வேட்டி என்று உட்கார்ந்துகொண்டது. தாசில்தார் உடம்பெல்லாம் எண்ணெயோடு, எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார். கடைசியில் மாமா தன் இடுப்பில் இருந்த எண்ணெய்த் துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். தாசில்தார் அதைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். அவருடைய டவாலிச் சேவகன் ஓடிவந்து, துண்டு என்றும் பாராமல் ஒரு சலாம் வைத்தான். மறுநாள் டவாலி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த அந்தத் துண்டுக்கு மாமா சலாம் வாங்கின துண்டு என்று பெயர் வைத்து, கிழிந்த பிறகும் எறியாமல் வைத்திருந்தார்.

இதைத்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். என்னிடம் இருந்த இங்கிலீஷ் வார்த்தைகள் முப்பது இருந்தால் அதிகம். மீதியைக் கையாலும் காலாலும் சொன்னேன். குரங்காக ஒரு நாற்காலியில் ஏறினேன். தாசில்தாராக இரண்டு கையாலும் என்னைப் பொத்திக்கொண்டு நடந்தேன். டவாலியாக நின்று சலாம் வைத்தேன். சலாம் வைத்த கையை இறக்கும்போதுதான், மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ‘போதும், போ’ என்று கையைக் காட்டினார். தேறினேனா இல்லையா என்று அந்தக் கையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த பக்கத்துக் கதவு வழியாக வெளியே தள்ளப்பட்டேன். அங்கே வேப்பமரத்தடியில் எங்கள் ரயில் பிள்ளைகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் தாசில்தார் கைகொடுக்கவில்லை. மூன்று பேர் அழுதே விட்டிருந்தார்கள். நான் அவர்களோடு உட்காரவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே என் தோழி இருக்கிறாள். சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அவளுக்குச் சொல்லிவிடலாம் என்றால், அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கதவில் காதை வைத்தேன். பிறகு ‘ஹிக்’ என்று ஒன்று கேட்டது. எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிடலாம்போல் இருந்தது.

திடீரென்று உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். அந்தக் கல்லூரியில் யாரும் கேட்டறியாத சிரிப்பு. தலைமை மிஸ் வாய்விட்டுச் சிரிக்கிறார். இன்னொரு மிஸ்ஸும் சேர்ந்துகொண்டார். அது அடங்கி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு சிரிப்பு, இந்தத் தடவை மேஜையைத் தட்டிக்கொண்டு. கதவு திறந்தது. என் தோழி காது சிவக்க வெளியே வந்தாள்.

“என்னட்டி சொன்னே?” என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“நான் ஆரம்பிச்சதுமே நிப்பாட்டிட்டாவ. இப்பப் போன பிள்ளைக்கும் இதே மாமாதானே, நீங்க ரெண்டு பேரும் சொந்தமான்னு கேட்டாவ.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்கு என்ன சொல்லன்னு தெரியலட்டி. உன்னக் காட்டிக் குடுக்கவும் மனசு வரல. எஸ் மிஸ், சேம் அங்கிள்னேன்.”

“ஐயோ.”

“குரங்கும் அதேதானான்னு கேட்டாவ. நோ மிஸ், மங்கி டிஃபரண்ட்னேன்.”

அதற்குத்தான் முதல் சிரிப்பு. அப்போது மாமாவை விட்டுவிடு, உன் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று மிஸ் கேட்டிருக்கிறார். இவள், இருக்கிறது மிஸ், ஆடு என்றிருக்கிறாள். மாப்பிள்ளை மாலையை ஆடு தின்ற கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். எப்போது விக்கல் நின்றது என்று கேட்டேன். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “ஆமா, எப்ப நின்னுச்சு?” என்று என்னையே கேட்டாள்.

ஒரு வாரம் கழித்துப் பலகையில் ஒட்டினார்கள். நாங்கள் இருவரும் தேறியிருந்தோம். அவள் என்னைவிட நாலு மார்க் அதிகம். குரங்காக நாற்காலியில் ஏறியதற்கு எனக்குக் குறைத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன். மற்ற ஐந்து பேருக்கும் பத்து நாள் கழித்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். சொந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று நிபந்தனை. அவர்களும் எப்படியோ கரையேறினார்கள். செங்கோட்டைப் பெண் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். அது என் பெட்டியிலேயே கிடந்தது.

அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரல் விழுந்துகொண்டிருந்த காலை நேரம். என் தோழியும் அவளுடைய உம்மாவும் குளிக்க வந்திருந்தார்கள், நானும் மேலகரத்திலிருந்து போயிருந்தேன். ஈரத் தலையோடு இருவரும் கடை வரிசையில் நின்று சூடாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். திரும்பினால், கூட்டத்துக்கு நடுவில் அதே வெள்ளைச் சேலை. தலைமை மிஸ், தன் அண்ணனோடு வந்திருந்தார். சுற்றிலும் பாறைமேல் குரங்குகள். மிஸ் குடையை ஒரு கையிலும், மூக்குக்கண்ணாடியை இன்னொரு கையால் முகத்தோடு சேர்த்தும் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். எங்களைக் கண்டதும் நின்றார்.

என் அண்ணன் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார், எனக்கு ஓர் ஆளைத்தான் தெரியும் என்றார், இங்கிலீஷில். எங்கே உன் மாமா?

நான் பாறைப் பக்கம் பார்த்தேன். மாமா யாரோ ஒருவர் தலையில் சடசடவென்று தட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய், இடுப்பில் துண்டு. பக்கத்தில் எங்கள் கல்லூரிப் பெண்கள் இரண்டு மூன்று பேர், கான்வென்ட்காரிகள், குடும்பத்தோடு நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கை அசைத்தார்கள். மாமா இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. மறைக்கமாட்டேன், தோன்றியது.

மிஸ்ஸை அழைத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். மாமா எங்களைப் பார்த்ததும் அவசரமாகக் கையைத் துண்டில் துடைத்தார். எண்ணெய் போகவில்லை, அதையும் மீறிக் கைகளைக் கூப்பினார்.

“மிஸ்” என்றேன், அருவிச் சத்தத்துக்கு மேலே, அந்தப் பெண்களுக்கும் கேட்கும்படியாக. “திஸ் இஸ் மை அங்கிள்.”

மாமாவுக்கு அந்த ஒரு வார்த்தை புரிந்தது. கூப்பிய கையை இறக்கவே இல்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. மிஸ் கண்ணாடியிலிருந்து கையை எடுத்து அவருக்கு வணக்கம் சொன்னார்.

பின்னால் யாரோ வந்து என் தோளோடு உரசி நின்றார்கள். என் தோழி, சுண்டல் பொட்டலத்தோடு. விக்கல் ஒன்றும் இல்லாமல், பளிச்சென்று சொன்னாள்:

“மை அங்கிள் ஆல்ஸோ, மிஸ்.”